வீட்டை விற்குமுன் குறைந்த செலவில் செய்யத்தக்க திருத்தங்கள்

(நியூ சவுத் வேல்ஸ் வாழ் தமிழ்க் குடியிருப்பாளருக்கான தகவல் உரை)



வீட்டை விற்க எண்ணும் குடும்பத்தினர் பலர், சமையலறையைப் புதிதாக அமைக்க வேண்டுமோ என்றே முதலில் கவலையுறுகின்றனர். கடன்பட்டு அமைத்த சமையலறை வாங்குபவரின் விருப்பத்துக்கு ஒவ்வாவிடின், அச்செலவு திரும்பி வருவதில்லை. தூய்மையான சுவரையோ வெளிச்சமான அறையையோ வெறுப்பவர் எவருமிலர். ஆகவே முதலில் துப்புரவு, அடுத்துச் சிறு பழுதுகளை நீக்குதல், இறுதியில் பெயின்ட் பூசுதல் என்பதே சிக்கனமான ஒழுங்காகும்.

நாள்தோறும் தாளிக்கும் சமையலறையின் சுவர்களில் எண்ணெய்ப் படலம் படிகிறது. சுவாமி அறையின் மேற்கூரையில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் கரியாகப் படிகின்றன. பழகிய கண்ணுக்கு இவை தெரிவதில்லை. வீடு பார்க்க வருபவருக்கோ உடனே தெரிந்துவிடும். எண்ணெய்மீது பூசிய பெயின்ட் உரிந்துவிடும். கரிக்கறை புதுப்பூச்சினூடாக மீண்டும் தோன்றும். எனவே சுவரைச் 'சுகர் சோப்' கரைசலால் கழுவி, நன்னீரால் துடைத்து, உலரவிட வேண்டும். கறையுள்ள இடங்களில் கறைதடுப்புப் பிரைமர் பூசியபின், இளநிறப் பெயின்ட் இருமுறை பூசலாம்.

குளியலறையில் கறுத்த சிலிக்கனை மாற்றுதல், அலுமாரிக் கைப்பிடிகளைப் புதுப்பித்தல், மங்கிய மின்குமிழ்களை மாற்றுதல், புல்லை வெட்டுதல் ஆகியவை சிறுசெலவில் முடியும். ஆனால் நீர்க்கசிவின் அடையாளத்தைப் பெயின்ட்டால் மறைத்தல் தகாது. கசிவின் காரணத்தையே சரிசெய்தல் வேண்டும். வாங்குபவர் அமர்த்தும் கட்டடப் பரிசோதகர் ஈரத்தைக் கருவிகொண்டு அறிவார்.

அனைத்திலும் மேலாகக் கவனிக்க வேண்டியது உடல்நலம். 1970க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனைத் தேய்த்தெடுக்கையில் எழும் தூசு, சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெருந்தீங்கு விளைவிக்கும். 1990க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில், குறிப்பாகச் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் பரவலாகக் காணப்படும் 'ஃபைப்ரோ' வீடுகளில், அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். அத்தகைய தகடுகளைத் துளையிடுவதோ, தேய்ப்பதோ, உயரழுத்த நீரால் கழுவுவதோ கூடாது. ஐயமிருப்பின், வேலையைத் தொடங்குமுன் பரிசோதிப்பித்தல் வேண்டும். சில நூறு டொலரை மிச்சப்படுத்த முனைந்து, பிள்ளைகளின் நுரையீரலைப் பணயம் வைக்கலாகாது.

உழைப்பும் பொருளும் சேர்த்து 5,000 டொலருக்கு மேற்படும் வீட்டு வேலைகளுக்கு உரிமம் பெற்றவரையே அமர்த்த வேண்டும்; உடன்பாடும் எழுத்தில் இருத்தல் அவசியம். மின்சார வேலைக்கும் நீர்க்குழாய் வேலைக்கும், தொகை எவ்வளவு சிறிதாயினும் உரிமம் பெற்றவரே தேவை.

மீந்த பெயின்ட்டைக் குப்பைத் தொட்டியிலோ வடிகாலிலோ ஊற்றாது, சமூக மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைக்கலாம். பழைய தளபாடங்களை அகற்றும் சேவை பற்றி மாநகர சபையிடம் விசாரிக்கலாம். தமிழில் உரையாட விரும்புவோர் 131 450 என்னும் எண்ணில் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம்.