ஏவல் கேட்கும் வீடு



எங்கள் வீட்டில் இரவு 10 மணியானதும் ஒரு விசாரணை தொடங்கும். படலை பூட்டியாயிற்றா, குசினி விளக்கு அணைந்ததா, கிணற்று மோட்டாரை நிறுத்தியாயிற்றா என என் தாயார் படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக வினவுவார். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என விடை வந்த பின்னரே அவர் கண்ணயர்வார். அவருக்கு வயது 82. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், நள்ளிரவில் எழுந்து ஆளியைத் தேடி இருளில் நடந்தவர், விறாந்தைப் படியில் இடறி வீழ்ந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். அன்றுதான், வீடே எங்கள் ஏவலைக் கேட்டு நடக்குமாறு செய்தால் என்ன என்னும் எண்ணம் எங்களுக்கு உண்டாயிற்று. அவ்வெண்ணத்தை நிறைவேற்றிய வரலாற்றையும், இடையில் நாங்கள் இழைத்த தவறுகளையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். நான் பொறியியலாளன் அல்லன். கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபர். ஆகவே நான் விளங்கிக்கொண்டதை நீங்களும் எளிதில் விளங்கிக்கொள்வீர்கள் என்பது என் நம்பிக்கை.

இது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1966 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் சதர்லண்ட் என்னும் பொறியியலாளர் தம் இல்லத்திற்கென ‘எக்கோ ஃபோர்’ என்ற பெருங் கணினியொன்றைத் தாமே அமைத்தார். 1975 இல் ஸ்கொத்லாந்தில், வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே கட்டளைகளை அனுப்பும் ‘எக்ஸ் டென்’ என்னும் முறை உருவாயிற்று. அக்காலத்தில் ஓர் அறையை அடைத்து நின்ற கருவியின் வேலையை இன்று உள்ளங்கை அளவினதாகிய கணினி செய்கின்றது என்பதே வேறுபாடு.

இத்தகைய அமைப்பு எதுவாயினும் அதனுள் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது உணரி. ஒருவர் நடமாடுவதையோ, கதவு திறப்பதையோ, தாங்கியில் நீர் நிரம்புவதையோ அறிந்து சொல்வது அது. இரண்டாவது, மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் வல்ல ஆளி. மூன்றாவது, உணரி சொல்வதைக் கேட்டு ஆளிக்குக் கட்டளையிடும் மையக் கருவி. கண், கை, மூளை என்று இவற்றைக் கொள்ளலாம். இவை தமக்குள் வானொலி அலைகளால் பேசிக்கொள்கின்றன. வைஃபை ஒரு வழி. சிக்பீ என்பது மற்றொரு வழி. சிக்பீ முறையில், மின்சாரத்தில் நேராக இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் தனக்குக் கிட்டிய செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றி விடும். எங்கள் வீட்டைப் போன்று தடித்த கற்சுவர்களைக் கொண்ட பழைய வீடுகளுக்கு இது பெரிதும் உதவுகின்றது.

கடைக்குச் செல்லுமுன் நாங்கள் செய்த காரியம் ஒன்றுண்டு. குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து, வீட்டில் எமக்குள்ள இடர்கள் யாவை என ஒரு தாளில் எழுதினோம். பிள்ளைகள் நீண்டதொரு பட்டியலைத் தந்தனர். பாட்டுக்கேற்ப நிறம் மாறும் விளக்கும் அதில் இருந்தது. ஈற்றில் மூன்றே எஞ்சின. அம்மா இருளில் நடப்பது. நீர்த்தாங்கி நிரம்பி வழிவது அல்லது கிணறு வற்றிய வேளையில் மோட்டார் வெறுமனே ஓடுவது. இரவிற் கதவு திறந்து கிடப்பது. கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற வேலையைத் தேடுவோர் பலர். இடரை முதலில் எழுதிக்கொண்டால் பாதிச் செலவு அப்போதே குறைந்துவிடும்.

முதலில் விளக்கை எடுத்துக்கொண்டோம். கட்டளை கேட்கும் மின்குமிழ் ஒன்றை வாங்கி அம்மாவின் அறையிற் பொருத்தினேன். இத்தகைய குமிழுக்கு எந்நேரமும் மின்சாரம் சென்றுகொண்டிருத்தல் வேண்டும். சுவரிலுள்ள ஆளியை எவரேனும் அணைத்துவிட்டால், உணரி எத்துணை அழைத்தாலும் குமிழ் எரியாது. ஆதலால் அந்த ஆளியின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி மூடிவிட்டேன். சில வாரங்கள் எல்லாம் செவ்வனே நடந்தன. அம்மா எழுந்தவுடன் விளக்கு எரிந்தது, படுத்ததும் அணைந்தது. நானும் அதனை வந்தோர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தேன்.

பின்னர் ஓரிரவு இணையத் தொடர்பு அற்றுப்போயிற்று. எங்கள் விளக்குக்குரிய கட்டளை எங்கோ தொலைநாட்டிலுள்ள கணினிக்குச் சென்று திரும்ப வேண்டியிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். அறையில் மின்சாரம் இருந்தது; குமிழும் பழுதடையவில்லை; ஆயினும் விளக்கு எரியவில்லை. அம்மா சுவரைத் தடவி ஆளியைத் தேடியிருக்கின்றார். கைக்கு அகப்பட்டது நான் ஒட்டிய நாடா. அதனை அகற்றுதல் கூடாதென நானே சொல்லியிருந்தேன். எங்களை எழுப்ப மனமின்றி, விடியும்வரை அவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். காலையில் அதனை ஒரு குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. “லைற் வரேல்லைத் தம்பி” என்றார், அவ்வளவே. விளக்கைச் செய்த நிறுவனத்தின் மீது இப்பழியை நான் போடமாட்டேன். ஆளியை மூடிய கை என்னுடையது.

நேயர்களே, அன்று நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். புதிய அமைப்பு முற்றாகச் செயலிழந்தாலும் பழைய வீடு வழமைபோல் இயங்குதல் வேண்டும் என்பதே அவ்விதி. குமிழைக் கழற்றிவிட்டு, சுவர் ஆளியின் பின்புறத்தே சிறிய கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினோம். உணரியும் ஏவலாம், கையாலும் அழுத்தலாம். ஆனால் இங்கே ஒரு தடை எதிர்ப்பட்டது. இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றிற்கு நொதுமற் கம்பி தேவை. பழைய வீடுகளில் ஆளிப் பெட்டிக்குள் உயிர்க்கம்பியும் விளக்குக்குச் செல்லும் கம்பியுமே வருவதுண்டு. உரிய தகைமையுள்ள மின்னியலாளர் ஒருவரை அழைத்துப் புதிய கம்பி இழுப்பித்தோம். 230 வோல்ற்று மின்சாரம் பழகிப்பார்க்கும் பொருளன்று. இவ்வேலையைத் தாமே செய்ய முனையற்க எனப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

மையக் கருவியையும் மாற்றினோம். வீட்டினுள்ளேயே அமர்ந்து, இணையத்தின் தயவின்றி முடிவெடுக்கும் மென்பொருள்கள் உள. 2013 இல் தொடங்கப்பெற்ற ‘ஹோம் அசிஸ்டன்ற்’ அவற்றுள் ஒன்று; விலையின்றியே கிடைக்கின்றது. பொறியியல் பயிலும் என் மகன் அதனைச் சிறு கணினி ஒன்றில் நிறுவினான். தொலைவிலுள்ள கணினியையே நம்பியிருப்பதன் அபாயத்தை உலகமும் கண்டிருக்கின்றது. 2022 ஏப்ரலில், அமெரிக்காவின் ‘இன்ஸ்ரியோன்’ நிறுவனத்தின் சேவைக் கணினிகள் முன்னறிவித்தலின்றி நின்றபோது, அதன் வாடிக்கையாளர் பலர் தம் வீடுகளுக்கு இடும் கட்டளைகள் பயனற்றுப்போகக் கண்டனர். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் ஒத்துழைக்குமாறு ‘மற்றர்’ என்னும் பொது நியமம் அதே ஆண்டு ஒக்ரோபரில் வெளியாயிற்று. புதிதாக வாங்குவோர் அதனைக் கேட்டு வாங்குதல் நன்று.

உணரியை எங்கு வைப்பது என்பதும் அறியத்தக்கது. நடமாட்ட உணரி, அசையும் உடலின் வெப்பத்தை அறிவது. அதனை யன்னலை நோக்கி வைத்தால் வெயில் அதனை ஏமாற்றும். உயரத்தில் வைத்தால் கட்டிலிற் புரண்டு படுப்பதையும் நடையெனக் கொள்ளும். நாங்கள் கட்டிலின் கீழே, பாதம் தரையிற் படும் இடத்தை நோக்கி வைத்தோம். கால் ஊன்றியதும் மங்கிய விளக்கொன்று எரியும். எங்கள் பூனை நடந்தாலும் அது எரிகின்றது, அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம்.

மோட்டாரைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் தொடங்குங் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல் பன்மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். கைத்தொலைபேசியால் இயங்கும் சிறு செருகி அதனைத் தாங்காது. சூடேறி உருகவுங் கூடும். சிறு கருவி கட்டளையை மட்டும் கொடுக்க, ‘கொண்டாக்டர்’ எனப்படும் காந்த ஆளி மோட்டாரின் பாரத்தைத் தாங்குமாறு அமைப்பித்தோம். தாங்கி நிரம்பினாலும் கிணற்றில் நீர் குறைந்தாலும் மோட்டார் இப்போது தானே நிற்கின்றது.

நம் நாட்டில் மின்வெட்டை மறந்து எத்திட்டமும் தீட்டலாகாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நாம் இருளில் இருந்ததை எவர் மறப்பர்? மையக் கருவிக்கும் இணைய வழிப்படுத்திக்கும் சிறிய மின்கலமொன்றை வைத்தோம். அம்மாவின் கட்டிலருகே, மின்சாரம் நின்றவுடன் தானே எரியும் அவசர விளக்கையும், தலையணைப் பக்கத்தில் ஒரு டோர்ச் லைற்றையும் வைத்தோம். மின்சாரம் மீளும்போது விளக்குகள் யாவும் ஒருங்கே எரியாதபடி அமைத்துக்கொள்ளவும் வேண்டும். அன்றேல் நள்ளிரவில் வீடு திருவிழாக் கோலம் பூணும்.

இதனால் மின்கட்டணம் குறையுமா என்று கேட்பீர்கள். 9 வாற்று விளக்கொன்று இரவுதோறும் 10 மணிநேரம் எரிந்தால் மாதத்திற்கு 2.7 அலகு செலவாகும். உணரியால் அதிற் பெரும்பகுதி மிஞ்சும். ஆனால் ஏவலுக்காகக் காத்திருக்கும் கருவிகளும் மின்சாரம் உண்கின்றன. கருவிக்கு 1 வாற்று வீதம் 20 கருவிகள் எந்நேரமும் விழித்திருந்தால் மாதம் 14.4 அலகு போய்விடும். ஆகவே சிக்கனம் கருதி இவற்றை வாங்குவோர் முதலிற் கணக்குப் பார்ப்பாராக.

இனி, மனத்தைத் தொட்ட செய்திக்கு வருகின்றேன். அம்மாவின் அறையில் ஒரு கமராவையும் பொருத்திவிட்டால், பாடசாலையில் இருந்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணினேன். அதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “தம்பி, நான் என்ன மறியலிலையே இருக்கிறன்?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. கமரா பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. கதவு உணரியைப் பற்றிப் பேசியபோதும் அவரே ஒரு திருத்தம் தந்தார். “நான் வெளியிலை போனால் மணி அடிக்க வேண்டாம். போய்த் திரும்பி வராவிட்டால் அடிக்கட்டும்” என்றார். அவ்வாறே செய்தோம். பின்கதவு திறந்து 10 நிமிடமாகியும் மூடப்படாவிட்டால் மாத்திரம் என் அறையில் மணி ஒலிக்கும். எங்கள் வீட்டின் விதிகளுள் மிகச் சிறந்தது, கணினியைத் தொட்டறியாத அந்த மூதாட்டி வகுத்த விதியே.

கமரா பொருத்துவோரும் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். 2016 இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட கமராக்களையும் வழிப்படுத்திகளையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பியுங்கள். எவருடைய அறையில் கருவியை வைக்கின்றீர்களோ அவருடைய சம்மதத்தை முதலிற் பெறுங்கள்.

இன்றும் இரவு 10 மணிக்கு அம்மா வினவுகின்றார். படலை பூட்டியாயிற்றா, மோட்டார் நின்றதா என்று. மோட்டார் தானே நின்றுவிடும் என்பதை அவர் நன்கு அறிவார். ஆயினும் நான் எழுந்து சென்று பார்த்து வந்து, “ஓம் அம்மா, நிண்டிட்டுது” என்று சொல்கின்றேன். அவ்வேலையை மட்டும் நாங்கள் எந்தக் கருவியிடமும் ஒப்படைக்கவில்லை.