வேலியும் வெயிலும்

(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நான் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரை படித்துவிட்டு ஃபாக்டரியில் வேலை செய்கிறவன். என்னுடைய வேலிக் கதையைச் சொல்லச் சொன்னார்கள், சொல்லுகிறேன்.

ஊரில் வேலிச் சண்டை ஏன் வரும்? கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று வரும். அது காணிக்கான சண்டை. டூங்கபியில் எனக்கு வந்தது வெயிலுக்கான சண்டை.

வீடு வாங்கின கையோடு தெற்கு எல்லையில் 'லேய்ட்டன் கிறீன்' சைப்பிரஸ் 12 கன்று நட்டேன். வருசத்துக்கு ஒரு மீட்டர் அளவில் வளருகிற சாதி. ஓவர்டைம், ஓவர்டைம் என்று ஓடி, நான் வெட்டவே இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாவின் கடிதம் வந்தது. அதில் 'சட்டம்' என்றொரு சொல். அகதியாய் வந்தவனுக்கு எந்தக் கடிதமும் விசாக் கடிதம் மாதிரித்தானே! அன்றிரவு நித்திரை இல்லை.

பிறகு விசாரித்து அறிந்தேன். நியூ சவுத் வேல்ஸில் அயலவர் மரத் தகராறுச் சட்டம் 2006இல் வந்தது. 2010இல் உயர்ந்த பசுவேலிகளையும் அதில் சேர்த்தார்கள். வேலியாக நட்ட இரண்டோ கூடவோ மரங்கள் 2.5 மீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்ந்து, அயல்வீட்டு யன்னலுக்கு வரும் வெயிலைக் கடுமையாக மறைத்தால், அவர்கள் நிலம், சுற்றாடல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். விசாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போய்க் கதைத்தேன். அந்த அம்மா என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பட்டப்பகலில் லைற் எரியுது. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. மாரியில் இன்னும் பதிந்து வரும். என் தெற்கு வேலி அவவின் வடக்கு யன்னலை மூடிவிட்டது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

இரண்டு மீட்டருக்கு வெட்டினேன். இப்போது வருசாவருசம் வெட்டுகிறேன். பக்கவாட்டில் பச்சை உள்ள அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். உள்ளே காய்ந்த பழந்தடி வரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. பெரிய மரமென்றால் முதலில் கவுன்சிலைக் கேளுங்கள். டூங்கபி பரமட்டா, பிளாக்டவுன், கம்பர்லாண்ட் என்று மூன்று கவுன்சிலுக்குள் கிடக்கிறது.

ஊரில் வருசந்தோறும் பூவரசையும் கிளுவையையும் வெட்டித்தானே வேலி அடைத்தோம்? குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போனது. வெட்டுகிற பழக்கத்தை நான்தான் மறந்துவிட்டேன்.

உறவுகளே, கடிதம் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். படலையைத் திறந்து போய்க் கதையுங்கள்.