முதுமை பற்றிய விவரங்களை முன்கூட்டியே தேடுவோம்

(பொன்விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சங்கம் தொடங்கிய நாளில் நாற்காலி தூக்கிப் போட்ட இளையர்கள், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரும் அப்படித்தான் மூப்படைந்து வருகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகள் நூற்றுக்கு 9 பேர். 2020இல் 15 பேர்.

முதுமை பற்றிய தகவல்களை எங்கே தேடுவது என்று பேசச் சொன்னார்கள். நம் நாட்டில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தேவை வந்த பிறகு தேடினால், சில கதவுகள் அதற்குள் மூடிவிடுகின்றன. அதைத்தான் இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். நாம் சுயமாக முடிவெடுக்க இயலாமல் போனால், நம் பராமரிப்பையும் பணவிவகாரத்தையும் யார் கவனிப்பது என்று முன்பே எழுதிவைக்கும் ஏற்பாடு இது. 21 வயது நிரம்பிய எவரும் செய்யலாம். ஆனால் மனத்தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டும். அத்தாவுக்கு நினைவு தப்பிய பிறகு, பிள்ளைகள் நீதிமன்றம் சென்று அனுமதி பெற வேண்டியிருக்கும். செலவும் அதிகம், காலமும் அதிகம். "நமக்குத்தான் ஃபராயில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஃபராயில் இறப்புக்குப் பிறகு சொத்தைப் பங்கிடும் முறை. எல்பிஏ உயிரோடு இருக்கும் காலத்திற்கு மட்டுமே. இறப்போடு அது முடிந்துவிடும். ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே வருவதில்லை.

இரண்டாவது, மறதி. மனநலக் கழகம் 2013இலும் 2023இலும் 60 வயதைத் தொட்டவர்களிடையே நாடளாவிய ஆய்வு நடத்தியது. முதல் ஆய்வில் பத்துப் பேரில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. இரண்டாவதில் அது 8.8 விழுக்காடு. ஆனால் 2023இலும், நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அது கண்டறியப்படாமலே வாழ்ந்தார்கள். "வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்" என்று நாம் வீட்டில் சொல்லும் ஒரு வார்த்தைக்குள் அந்தப் பாதி ஒளிந்திருக்கிறது. தொழுத தொழுகையை மறப்பதும், பழகிய வழியில் தடுமாறுவதும் தொடர்ந்தால், பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, காப்புறுதி. அலமாரியில் இருக்கும் பழைய துண்டறிக்கையை நம்பாதீர்கள். 2002இல் வந்த எல்டர்ஷீல்டு, ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் மட்டுமே பணம் தரும். 2020இல் வந்த கேர்ஷீல்டு லைஃப், கடும் உடற்குறை நீடிக்கும் வரை வாழ்நாள் முழுதும் தரும். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் துணையின்றிச் செய்ய முடியாதவர் இழப்பீடு கேட்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்தத் திட்டம் என்பதை இந்த வாரமே கேட்டறியுங்கள்.

சரி, எங்கே கேட்பது? ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பகல்நேரப் பராமரிப்பு, வீட்டுத் தாதிமை, தாதிமை இல்லம் என எதற்கும் அங்கே தொடங்கலாம். உங்கள் வட்டாரத்துத் துடிப்பாக மூப்படையும் நிலையத்திற்கு நேரிலும் போகலாம். கல்லூரி மாணவர்கள் ஆழமாகப் படிக்க விரும்பினால், புள்ளிவிவரத் துறையின் வெளியீடுகளும், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் மூப்படைதல் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட்டில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் நூலகரிடமே உதவி கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் மூட்டுவலி மருந்துக்கும் மறதிக் கஷாயத்துக்கும் மூன்று கேள்விகள் போடுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? யாரை வைத்துச் சோதித்தது? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

இத்தனை விவரமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் இணையத்தில் கிடக்கிறது. கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்து இங்கே உழைத்த நம் பெரியவர்கள் பலருக்கு அது எட்டுவதில்லை. எட்ட வைப்பது நம் வேலை. சங்கத்திற்கு என் வேண்டுகோள் இரண்டு. மாதம் ஒரு நாள், தமிழில் படித்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் இரண்டு இளையர்களை இந்த மண்டபத்தில் அமர்த்துங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெரியவருக்கென ஒரு கோப்பு இருக்கட்டும்: மருந்துப் பட்டியல், காப்புறுதி விவரம், எல்பிஏ, மத்திய சேமநிதி நியமனம், அவசரத்திற்கு அழைக்க வேண்டியவர் பெயர்.

இவற்றைப் பெரியவர்களுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டு எழுதுங்கள். அவர்களால் சொல்ல முடிகிற காலத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பெற்றோருக்கு நல்ல ஆரோக்கியத்தையும் நமக்கு அவர்களைப் பேணும் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.