சட்டியில் பிடித்த எண்ணெய்க் கரி: தேய்ப்பதா, ஊறவைப்பதா?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டி கழுவுறதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டுப் பொழுது சாய வந்து, பீலிக்கரையில் ஒரே சட்டியோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுறவங்க அப்படி நினைக்கமாட்டாங்க. கொழுந்து பறித்து வெடித்துப்போன விரலில் கம்பித் தும்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று அவங்களுக்குத் தெரியும். அந்த வேலை பல வீட்டிலே பள்ளிக்கூடம் போகிற பொம்பளைப் பிள்ளை தலையில்தான் விழுகிறது. அதனால்தான் இதைப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிஞ்சுக்குவோம். சட்டியில் கருகிப் பிடித்த எண்ணெய், எண்ணெயாகவே இருப்பதில்லை. சூட்டிலே அது காற்றோடு சேர்ந்து, மரத்தில் பூசின வார்னிஷ் மாதிரி கெட்டித் தோலாக மாறிவிடும். முதலில் மஞ்சள், பிறகு மண்ணிறம், கடைசியில் கறுப்பு. சவர்க்காரம் எண்ணெயைக் கழுவும், ஆனால் இந்தத் தோலை அசைக்காது. எவ்வளவு பலமாகத் தேய்த்தாலும் தேய்வது உங்க கைதான்.

எவர்சில்வரில் இது ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது? சூடு அதில் பரவுவது மெதுவாக. அலுமினியத்தில் சூடு அதைவிட ஏறத்தாழ 15 மடங்கு நன்றாக ஓடும். கவ்வாத்து மிலாறு வைத்து எரிக்கும்போது சுவாலை ஒரே பக்கமாக அடிக்கும். அடிக்கிற இடம் மட்டும் கொதித்துக் கருகும், பக்கத்தில் பார்த்தால் ரொட்டி வெந்திருக்காது. சட்டியிலே குற்றமில்லை, அதன் குணம் அப்படி. மற்றபடி நல்ல பாத்திரம்தான். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரத்திலே ஹரி பிரியர்லி என்பவர் இரும்போடு குரோமியம் சேர்த்துத் துருப்பிடிக்காத உருக்கு ஒன்றை உருக்கினார். இன்றைக்குச் சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று அடித்திருக்கும். அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. அந்தப் படலத்தைக் காப்பாற்றிக்கொண்டு கரியை மட்டும் எடுக்கவேணும்.

அதற்குக் காரமும் சூடும் நேரமும் வேணும். கரி மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றுங்க. ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போடுங்க. பொங்கும், அதனால் சட்டியை நிறைக்கவேண்டாம். கால் மணித்தியாலம் மெல்லக் கொதிக்கவிட்டு, இறக்கி மூடி, இரவு அப்படியே விட்டுவிடுங்க. அப்பச்சோடா கொதிக்கக் கொதிக்கக் காரம் கூடும். விடியக்காலை தேங்காய்த் தும்பாலோ மரக்கரண்டியாலோ உரித்தால் தோல் கழன்றுவரும். பழைய கரி ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று இரவு செய்யுங்க, அவசரப்படவேண்டாம். பீலித் தண்ணீர் குறைந்த காலத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாமல் அடுத்த சட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்பச்சோடா இல்லையென்றால் அடுப்புச் சாம்பல் இருக்கிறதே. அதுவும் காரம்தான். நம்ம பாட்டிமார் ஒன்றும் தெரியாமல் சாம்பல் போடவில்லை. சலித்து எடுங்க, கல்லும் கரித்துண்டும் இருந்தால் கீறும். களியாகக் குழைத்துப் பூசி, ஈரத் துணியால் மூடி வைத்துவிடுங்க. கையில் வெடிப்பு இருந்தால் எரியும், ஒரு பொலித்தீன் பையைக் கையில் போட்டுக்கொள்ளலாம்.

புளி போடலாமா என்று கேட்பீங்க. பித்தளை விளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளி அருமை. எண்ணெய்க் கரிக்குப் பெரிய பலனில்லை. எவர்சில்வரில் சூட்டால் வருகிற நீலமும் வானவில் நிறமும் மட்டும் எலுமிச்சைக்கும் வினாகிரிக்கும் போகும். சிலர் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகப் போட்டு, நுரைக்குது என்று சந்தோசப்படுவாங்க. ஒன்றை ஒன்று அழித்துவிடும், காசுதான் நட்டம்.

கம்பித் தும்பை நான் விரும்பமாட்டேன். கீறின இடத்தில் அடுத்த முறை எண்ணெய் இன்னும் இறுகப் பிடிக்கும். உடைந்த இரும்புத் துண்டு சட்டியில் ஒட்டித் துருப்பிடிக்கும், நாம் சட்டியே துருப்பிடிச்சிட்டுது என்று கடைக்காரரைத் திட்டுவோம். துண்டு கறியிலும் போகும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்க. குளோரின் தண்ணீரைச் சட்டியில் ஊறவைக்காதீங்க, எவர்சில்வரில் பொட்டுப்பொட்டாகக் குழி விழும். அதோடு வினாகிரியோ எலுமிச்சையோ சேர்த்தால் நச்சு வாயு வரும். ஒரு யன்னல் உள்ள லயக் காம்பராவிலே அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் சோடா சட்டி கழுவவே வேண்டாம். வேறு வேலைக்கு வாங்கினாலும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீங்க. பிள்ளை தாகத்தில் எடுத்துக் குடித்தால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. வாயைக் கழுவி, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடமாவது பிடித்துக் கழுவுங்க.

வெளிப்பக்கத்துப் புகைக்கரிக்கு, அடுப்பில் வைக்குமுன் அடியில் சாம்பல் குழம்போ சவர்க்காரமோ மெல்லப் பூசுங்க. கரி அதன்மேல் படியும், கழுவும்போது சேர்ந்து போய்விடும். ஈர விறகு எரித்தால் தார் மாதிரி ஒட்டும், விறகைக் காயவைத்து எரியுங்க. பொரித்து முடிந்ததும் எண்ணெயை வடித்துவிட்டு, சட்டி இளஞ்சூடாக ஆறினதும் சுடுதண்ணீர் ஊற்றி வையுங்க. கொதிக்கிற வெறுஞ்சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி வளைந்துவிடும், ஆவியும் முகத்தில் அடிக்கும்.

முன்வரிசையில் ஒரு அக்கா, அலுமினியச் சட்டிக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டாங்க. வேண்டாம். சோடாவும் சாம்பலும் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கும். அதற்கு வெறும் தண்ணீரோடு இரண்டு எலுமிச்சைத் துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறினபிறகு மரக்கரண்டியால் சுரண்டுங்க.