கடைசி பெஞ்சும் கால் மிதியும்



படித்து முடித்த வருஷம், திருவப்பூர் மாரியம்மன் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் என் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து கேட்பது மாதிரி மங்கி ஒலித்தது. ஆம்ப்ளிஃபையரைத் திட்டினேன். குற்றம் என்னுடையது. 25 கிலோ ஓம் வால்யூம் பெடலை கிட்டாரில் நேரே சொருகியிருந்தேன். சாதாரண பிக்கப்புக்கு 250 கிலோ ஓமாவது வேண்டும். 25 என்பது பஃபரைக் கடந்த சிக்னலுக்கு.

வைக்கும் இடமும் முக்கியம். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு குறையும். பின்னால் வைத்தால் சத்தம் மட்டும் குறையும். டிலேக்கு முன்னால் வைத்தால், பெடலை மூடினாலும் எதிரொலி மெல்லத் தேய்ந்து அடங்கும்; பின்னால் வைத்தால் அதுவும் அறுந்துபோகும்.

தடை குறைந்த வோல்ட்மீட்டர் ரீடிங்கைக் குறைத்துவிடும் என்று லேபில் சொன்னீர்களே சார், அதே பாடம்தான். அன்று நான் கவனிக்கவில்லை. மன்னிக்கணும்.