தலைக்கு எத்தனை டன்?

(கிளைச் சங்கப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஐரோப்பாக் கண்டத்தில் எந்த நாடு எவ்வளவு கல்லும் மணலும் செலவழிக்கிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பால் வெட்டுகிற நமக்கு அது எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

உலோகமல்லாத கனிமங்கள் என்றால் மணல், சரளை, சுண்ணாம்புக்கல், களிமண், உப்பு முதலியவை. நாம் மரத்தடியில் போடுகிற பாறை உரமும் அதிலே சேர்த்திதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. சொந்த மண்ணில் தோண்டியதோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, ஜனத்தொகையால் வகுக்கிறார்கள். எல்லாப் பொருள்களும் சேர்ந்து ஒன்றியத்தில் தலைக்குச் சுமார் 14 டன். அதில் பாதிக்குமேல் இந்தக் கல்லும் மணலும்தான்.

2022-ல் இந்த மொத்தக் கணக்கு ருமேனியாவில் தலைக்கு 25 டன்னுக்கு மேல். நெதர்லாந்தில் 10 டன்கூட இல்லை. ருமேனியாக்காரர் இரண்டு மடங்கு சுகமாக வாழ்கிறாரா? இல்லவே இல்லை. சம்பளத்தில் நெதர்லாந்துக்காரர் எவ்வளவோ மேல். ருமேனியாவில் சாலையும் கட்டடமும் இப்போதுதான் மும்முரமாக எழும்புகின்றன. பின்லாந்தும் மேல்வரிசையில் நிற்கிறது. பரந்த நாடு, ஜனங்களோ 60 லட்சம்கூட இல்லை. ஆள் குறைவு என்பதற்காகச் சாலை நீளம் குறையுமா?

சிமெண்ட் எல்லை தாண்டி வந்தால் மூட்டையின் எடைதான் வாங்கிய நாட்டின் கணக்கில் ஏறும். அதற்காக வெட்டிய கல், வெட்டிய நாட்டின் தலையிலேயே நிற்கும். இன்னொன்று, கிராணியாகிய எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: பல நாடுகளில் மணலையும் சரளையையும் முழுதும் நிறுத்துப் பார்ப்பதில்லை. சிமெண்ட் எவ்வளவு செலவாயிற்று, சாலை எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து மதிப்புப் போடுகிறார்கள்.

ஸ்பெயினைச் சொல்லியாக வேண்டும். 2007 வரை அங்கே வீடு கட்டும் வேகம் சொல்லி முடியாது. 2008 நெருக்கடிக்குப் பிறகு சில ஆண்டுகளில் தலைக்கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தாளை மட்டும் பார்க்கிறவர் சிக்கனம் என்று மெச்சுவார். 2013-ல் அந்த நாட்டில் உழைக்க வந்தவர்களில் 100-க்கு 26 பேருக்கு வேலை இல்லை. கரண்டி பிடித்த கொத்தனார்கள் தெருவில் நின்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? முன்பு வேறொரு தோட்டத்தில் நான் செக்ரோல் எழுதியபோது, மாத முடிவில் ஆளுக்குச் சராசரி எத்தனை கிலோ என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். கிழட்டு மரத்து நிரையில் வெட்டிய ஓர் அம்மா சராசரிக்குக் கீழே விழுந்தார். ஆபீசுக்குக் கூப்பிட்டு அவரை ஏசினார்கள். நான் மேசைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கூட்டலும் வகுத்தலும் சரிதான். மரத்தின் வயதை நான் எழுதவில்லை.

இங்கே நிரைவாரியாக, மர வயதோடு எழுதி வருகிறேன். அதன் நகல் கிளைச் செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த வாரம் நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை. அதற்குள் அவரவர் நிரை எண்ணைச் சொல்லிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.