துடுக்குப் பிள்ளை என்று தள்ளிவிடலாமா?

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிக் கூடிப் பேசுவது நமது வழக்கம். இன்று நம்மூர்ப் பள்ளியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பற்றிப் பேச விரும்புகிறோம். உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூடத் தவறு. பாதி நேரம் எழுந்து திரிகிறான். கேள்வி முடியுமுன்னரே விடை கூறுகிறான். தொடங்கிய கணக்கைப் பாதியில் விடுகிறான். எழுதுகோல், புத்தகம், செருப்பு யாவும் தொலைந்த வண்ணம் இருக்கின்றன. ஆசிரியர் அலுத்துப் போகிறார்; தந்தை பிரம்பை எடுக்கிறார்; இவன் உருப்படமாட்டான் என்று ஊரே தீர்ப்பளித்து விடுகிறது. சில ஆண்டுகளில் அவன் படிப்பை விட்டு எங்கேனும் கையாளாகப் போய்விடுகிறான்.

இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பது துடுக்குத்தனம் அன்று; மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு குறைபாடு. கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த இதனை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்பர். இது நேற்று முளைத்த நோயன்று. அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902ஆம் ஆண்டிலேயே விரிவுரை ஆற்றியிருக்கிறார். உலகெங்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இது உண்டென்று மதிப்பிடுகின்றனர். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இருவர் இருக்கலாம் என்பது கணக்கு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்பிலோ தந்தையின் கண்டிப்பிலோ நேர்ந்த பிழையால் வருவதன்று. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். முருங்கைக்கு அது பொருந்தும். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தடை செய்திருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஓடியாடாமல் சன்னலைப் பார்த்தபடி மௌனமாக அமர்ந்திருக்கும் பெண் குழந்தைக்கும் இக்குறைபாடு இருக்கக்கூடும். யாருக்கும் தொல்லை தராததால் அவளை எவரும் கவனிப்பதில்லை. மந்தம் என்று கூறி விட்டுவிடுகிறோம்.

அதற்காக, துள்ளித் திரியும் பிள்ளைகளை எல்லாம் நோயாளிகள் ஆக்கிவிடலாகாது. வயதுக்கு ஒவ்வாத அளவில், வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்கேனும் தொடர்ந்து காணப்பட்டு, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரத்தப் பரிசோதனையால் இதனை அறிய இயலாது. பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்தே மருத்துவர் முடிவு செய்கிறார். காது சரியாகக் கேட்காத பிள்ளையும், கரும்பலகை தெரியாத பிள்ளையும், இரத்தசோகையால் சோர்ந்த பிள்ளையும், இரவில் உறக்கமில்லாத பிள்ளையும் கவனமற்றவர்போலவே தோன்றுவர். ஆகவே முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை வீட்டிலேயே தொடங்குகிறது. நான்கு வேலைகளை ஒரே மூச்சில் ஏவாமல், அருகில் சென்று முகம் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள். செய்து முடித்தவுடன் பாராட்டுங்கள். மாலைவரை தள்ளிப் போட்டால் பயனில்லை. உண்பதற்கும் உறங்குவதற்கும் நேரம் குறித்து வையுங்கள். பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். பள்ளியில் ஆசிரியருக்கு அருகே முன்வரிசையில் இடம் தரலாம். கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பை அளித்தால் எழுந்து நடக்கவும் வாய்ப்பாகும். ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இம்முறைகளே முதற்சிகிச்சை.

அதற்கு மேற்பட்ட வயதினருக்குத் தேவையானால் மருந்தும் உண்டு. மெத்தில்பெனிடேட், அட்டமாக்செட்டின் என்பவை அவற்றுட் சில. அமெரிக்காவில் 579 குழந்தைகளைக் கொண்டு 14 மாதங்கள் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி முறை மட்டும் பெற்றோரைவிட, அளவு பார்த்துக் கவனமாக மருந்து கொடுக்கப்பட்டோரிடம் முக்கிய அறிகுறிகள் அதிகம் குறைந்தன என்று அது கண்டது. எனினும் மருந்து இக்குறைபாட்டை வேரோடு களைவதில்லை. மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். ஆதலின் மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறாரக் கொடுத்துவிட வேண்டும். பிற்பகலில் தாமதமாகக் கொடுத்தால் உறக்கம் கெடும். எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். ஒரு பிள்ளைக்கு எழுதியதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தல் கூடவே கூடாது.

இனி நம்மைப் பற்றியும் சிறிது பேசலாம். இக்குறைபாடு மீசை முளைத்தவுடன் மறைந்துவிடுவதில்லை, பலரிடம் தங்கிவிடுகிறது. ஓட்டம் அடங்கினாலும் மறதியும் அவசரமும் நிற்கின்றன. மடையைத் திறந்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனவர் நினைவு வந்து திரும்புவதற்குள் பக்கத்து வயல் மூழ்கிவிடுகிறது, பகை பிறக்கிறது. பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் கடந்துவிடுகிறது. ஒரு வயலை முடிக்காமல் மறு வயலில் ஏர் இறங்குகிறது. பொறுப்பற்றவர் என்று நாம் ஏசும் சிலர் சிறுவயது முதற்கொண்டு இப்படியே போராடி வந்தவர்கள். மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தந்தை, அங்கே கேட்கப்படும் கேள்விகளில் தம்மையே காண்பதும் உண்டு. பெரியவர்களுக்கும் மருந்தும் பயிற்சியும் உள்ளன. கைபேசியில் மணி அடிக்க வைத்தல், தேதிகளைச் சுவரில் எழுதித் தொங்கவிடுதல், மடை அடைக்கும் வரை மண்வெட்டியைக் கீழே வைப்பதில்லை என்று வழக்கப்படுத்துதல் ஆகிய எளிய உபாயங்களும் கைகொடுக்கும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இதில் என்ன வேலை? கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடமுண்டு. அக்குழு கூடும்போது, அடிக்கடி வெளியே நிறுத்தப்படும் பிள்ளைகள் யார், நின்றுவிட்ட பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். 2013ஆம் ஆண்டு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அப்பிள்ளைகளைத் தவறாமல் காட்டுங்கள். குழுவினர் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால், கூலி வேலையை விட்டு நகருக்குச் செல்ல இயலாத தாய்க்கு ஒருநாள் துணையாகச் செல்ல உங்களில் ஒருவர் முன்வர வேண்டும். சீட்டு வாங்கியும் போகாதிருப்பதே பல வீடுகளில் நேர்வது. பெரியவர்கள் முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. அதனை ஊராட்சி அலுவலகச் சுவரில், வரி செலுத்த வருவோர் கண்ணில் படும்படி எழுதி வைக்கலாம்.